ஆடு தானாக விழவில்லை!

தேர்தல் வந்தால் தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு போட்டோ வந்துவிடும். கழுதை முதுகில் ஓட்டு மெஷின். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லை என்பதால், பல தேர்தல்களில் கழுதைகள்தான் மெஷினைச் சுமந்து ஏறியிருக்கின்றன. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், அடுத்தவருக்கு ஃபார்வர்ட் செய்தார்கள். அந்த மலையில் என்ன விளைகிறது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. கழுதை இருந்தது, போதும்!

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களுக்கு மலை புதிதல்ல. ஒரு பக்கம் அரூர் போய் பஸ் மாறினால் சித்தேரி மலை. இன்னொரு பக்கம் தருமபுரி தாண்டிப் போனால் பென்னாகரத்து மலைகள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கே 1906-ல் ஒரு குட்டி ரயில் ஓடியது. உலகப் போர் நேரத்தில், 1941-ல், அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். திரும்ப அதே பாதையைக் கேட்டு இந்த வட்டாரத்து மக்கள் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்திருக்கிறார்கள். சமவெளிக்கே இந்த நிலைமை என்றால், மலைக்கு ரோடு வருவது பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வரும் வீடியோக்கள் மலைக்கிராமங்களிலிருந்து இப்போதும் வருகின்றன.

கழுதை, மலை, ஏழ்மை, அதைப் பார்க்க வந்த கேமரா. இந்த நான்கும் சேர்ந்த கதை ஒன்று 1933-ல் ஸ்பெயின் நாட்டில் நடந்தது. டாக்குமென்டரி சினிமா பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இன்றைக்கும் அந்தப் படத்தைத் தொடாமல் முடியாது. அதில் ஒரு கழுதை செத்தது. ஓர் ஆடும் செத்தது.

லாட்டரியில் விழுந்த பணம்

ஸ்பெயினின் மேற்கே, போர்ச்சுகல் எல்லைக்குப் பக்கத்தில், லாஸ் ஊர்தெஸ் என்று ஒரு மலைப்பகுதி. பெயரிலேயே ‘ஊர்’ இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அங்கே ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை என்றுதான் வெளியுலகம் நினைத்தது. புகழ்பெற்ற பழைய பல்கலைக்கழகம் இருக்கும் சலமன்கா நகரம் 100 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இடையில் மலை. 52 சிற்றூர்களில் 8,000 பேர் வாழ்கிறார்கள் என்று படத்தின் வர்ணனை கணக்குச் சொல்கிறது. கல்லை அடுக்கிய வீடுகள், ஜன்னல் கிடையாது, புகை போக வழி கிடையாது. உயரத்திலிருந்து பார்த்தால் கல்கூரைகள் எல்லாம் ஆமைக் கூட்டம் ஒன்று படுத்திருப்பதுபோலத் தெரியும்.

அந்த மலையைப் படம் எடுக்க ஆசைப்பட்டவர் லூயிஸ் புனுவல். பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. பாரிஸில் ஓவியர் சால்வதோர் தாலியோடு சேர்ந்து 1929-ல் எடுத்த குறும்படத்தின் முதல் காட்சியிலேயே ஒரு பெண்ணின் கண்ணை சவரக்கத்தியால் கீறிக் காட்டி ஊரை அலற வைத்தவர். அடுத்த படத்துக்குத் தடையே விழுந்தது. அப்படிப்பட்டவர் கையில், லாஸ் ஊர்தெஸ் பற்றி பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் லெஜாந்திர் எழுதி 1927-ல் வெளிவந்த பெரிய ஆய்வு நூல் கிடைத்தது. படித்ததும் அதையே படமாக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ‘தடை செய்யப்பட்ட டைரக்டருக்கு’ பணம் போட யார் வருவார்?

வந்தார் ஒரு வாத்தியார். உவெஸ்கா என்ற சிறு நகரத்தில் ஓவிய ஆசிரியர், சிற்பி, எந்த அரசாங்கத்தையும் நம்பாத தொழிற்சங்கக்காரர். பெயர் ரமோன் அசீன். “எனக்கு லாட்டரி விழுந்தால் உன் படத்துக்கு நான் பணம் தருகிறேன்” என்று நண்பருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்படிச் சொல்லாத நண்பர் உலகத்தில் உண்டா? ஆனால் அசீனுக்கு நிஜமாகவே லாட்டரி விழுந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி 20,000 பெசெத்தா எடுத்துக் கொடுத்தார். அதில் 4,000-த்துக்கு ஒரு பழைய ஃபியட் கார் வாங்கினார்கள். கேமராவைக் கடன் வாங்கினார்கள். கேமராமேன் எலி லோத்தார், எழுத்தாளர் பியேர் யுனிக் ஆகியோர் பாரிஸிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மலையடிவாரத்தில் பாழடைந்த பழைய மடம் ஒன்றில் தங்கினார்கள். விடிவதற்கு முன் எழுந்து, கார் போகும் தூரம் வரை காரில் போய், அப்புறம் சாமான்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 1933 வசந்த காலத்தில் சில வாரங்கள் இப்படிப் போயின. ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லாததால் மௌனப் படமாகவே எடுத்தார்கள். எடிட்டிங் நடந்தது மாட்ரிட்டில், ஒரு சமையலறை மேஜை மேல். ஃபிலிமைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டினார் புனுவல்.

அரை மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர், ‘ரொட்டி இல்லாத நிலம்.’ நம் ஊரில் எடுத்திருந்தால் ‘சோறு இல்லாத சீமை’ என்று வைத்திருப்பார்கள்.

திரையில் தெரிந்தது

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓடைக் கரையில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்கிறார்கள். ரொட்டி அந்த மலைக்கே புதுசு. வாத்தியார் கொடுப்பதை அவர் கண்ணெதிரிலேயே தின்று முடிக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் பெற்றோர் பிடுங்கிக்கொள்வார்களாம். வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் நீதி வாசகம் ஒன்றை அழகாக எழுதுகிறான். அடுத்தவர் சொத்தை மதிக்க வேண்டும் என்பது அதன் பொருள். எழுதுகிறவனுக்குக் காலில் செருப்பில்லை. படத்தின் மிகக் கூர்மையான இடம் இதுதான்; வர்ணனை ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

ஆற்றோரம் கல்வரிசை கட்டி, மேலே மண்ணைச் சுமந்துவந்து கொட்டி, உள்ளங்கை அகல வயல் உண்டாக்குகிறார்கள். வெள்ளம் வந்தால் ஒரே இரவில் போய்விடும். தேன்கூடுகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் கீழே இருக்கும் பணக்கார ஊரான லா அல்பெர்காகாரர்களுடையவை. கொசு, மலேரியா. கழுத்தில் கழலை தொங்கும் பெண்கள். வளர்ச்சி நின்றுபோன, மனவளர்ச்சி குன்றிய மனிதர்களைக் கேமரா நெருங்கிப் போய்ப் பார்க்கிறது. குழந்தை ஒன்று இறந்துபோனதாகச் சொல்லி, அதைத் தொட்டி போன்ற ஒன்றில் வைத்து ஆற்றைக் கடத்திச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தேன்கூடு சுமந்த கழுதை ஒன்று விழுகிறது. தேனீக்கள் மொய்த்துக் கொட்டியே அது சாகிறது. இங்கே ஆட்டுக்கறி எப்போது கிடைக்கும் என்றால், மலையாடு எதுவாவது பாறையிலிருந்து தவறி விழுந்து செத்தால்தான் என்கிறது வர்ணனை. சொல்லி வாய் மூடுவதற்குள் உச்சிப்பாறையிலிருந்து ஓர் ஆடு உருண்டு விழுகிறது.

பின்னால் சேர்த்த ஒலியில் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி முழங்குகிறது. வர்ணனைக் குரலோ ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புபோல, எந்தச் சலனமும் இல்லாமல் மரணங்களைப் பட்டியல் போடுகிறது. கேட்கக் கேட்க வயிற்றைப் பிசையும்.

உண்மை எவ்வளவு?

1933 டிசம்பரில் மாட்ரிட்டில் திரையிட்டபோது, பக்கத்தில் நின்று புனுவலே வர்ணனை சொன்னார். பார்வையாளர்களில் ஒருவர் டாக்டர் கிரெகோரியோ மாரன்யோன். நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். 1922-ல் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவை லாஸ் ஊர்தெஸுக்கு அழைத்துப் போய்க் காட்டியவர்களில் முக்கியமானவர். அதன் பிறகு அந்த மலைக்கென்று ஏற்பட்ட நலவாரியம் அவர் பொறுப்பில் இருந்தது. படத்துக்கு அனுமதி வாங்கித் தருவார் என்று புனுவல் எதிர்பார்த்தார். மாரன்யோனுக்குக் கோபம். ஏன் அசிங்கத்தை மட்டுமே காட்ட வேண்டும், லா அல்பெர்காவின் அருமையான நடனங்களைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டாராம். எல்லா ஊர்க்காரரும் தங்கள் நடனம்தான் உலகத்திலேயே அழகு என்றுதான் சொல்வார்கள் என்று பதில் சொன்னதாகப் புனுவல் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இந்த வாதம் நமக்கு அந்நியமில்லை. மேடையில் யாராவது பெரியவர் வந்தால் மலைமக்களைக் கூப்பிட்டு ஆட வைப்பதும், ஆடி முடித்தவர்கள் ரோடு கேட்டால் அதிகாரிகள் முகம் சுளிப்பதும் இங்கேயும் உண்டு. அந்த அளவில் புனுவல் பக்கம் நியாயம் இருக்கிறது. குடியரசு அரசாங்கம் படத்தைத் தடை செய்தது. நாட்டின் மானம் போகிறதாம்.

ஆனால் புனுவலும் சுத்தமில்லை. கழுதை தானாகச் சாகவில்லை. படப்பிடிப்புக்காகவே அது தேனீக்களுக்குப் பலி கொடுக்கப்பட்டது. இறந்ததாகக் காட்டிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்த குழந்தை என்று பின்னாளில் எழுதப்பட்டது. ஆட்டின் கதையைக் கடைசியில் பார்ப்போம். எப்போதோ நடப்பதை தினமும் நடப்பதாகவும், ஒரு வீட்டில் நடப்பதை ஊர் முழுக்க நடப்பதாகவும் படம் காட்டுகிறது. டாக்குமென்டரியில் நடிக்க வைப்பது அன்றைக்குப் புதிதும் அல்ல. வடதுருவ எஸ்கிமோ குடும்பத்தை வைத்து 1922-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த ‘நானூக்’ படத்திலும் ஏற்பாடு செய்த காட்சிகள் உண்டு. என்ன, அவர் நானூக்கை வீரனாகக் காட்டினார். புனுவல் ஊர்தெஸ்காரர்களைக் கதியற்றவர்களாகக் காட்டினார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கழுதையோ ஆடோ அல்ல, ஒரு வாக்கியம். மனவளர்ச்சி குன்றியவர்களைக் காட்டும்போது, பசி, அசுத்தம், ரத்த உறவுக்குள் கூடுவது இவையே காரணம் என்ற பொருளில் வர்ணனை பேசுகிறது. உண்மையான காரணம் பெரும்பாலும் அயோடின். மலைச்சரிவில் மழை அடித்து அடித்து மண்ணிலிருந்து அயோடின் போய்விடும். அந்த மண்ணில் விளைந்ததை மட்டுமே தின்கிறவர்களுக்குக் கழுத்தில் கழலை வரும். கர்ப்பிணிக்கு அயோடின் போதாமல் போனால் பிள்ளையின் மூளையும் உடலும் வளராது. இமயமலை அடிவாரத்திலும் இதே கதைதான். காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி 1950-களில் தொடங்கிய ஆய்வில், உப்பில் கொஞ்சம் அயோடின் கலந்து கொடுத்ததுமே கழலை குறைந்ததைக் காட்டினார். 1962-ல் நம் நாட்டின் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. இன்று எந்த மளிகைக் கடையிலும் உப்பு பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று போட்டிருப்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. லாஸ் ஊர்தெஸ் மக்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சிட்டிகை உப்பு. கிடைத்தது, முறை தவறிப் பிறந்தவர்கள் என்ற பட்டம்.

அந்தப் பட்டம் லேசில் போகவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்தது, பிராங்கோ ஆட்சி வந்து போனது, ரோடு வந்தது, மின்சாரம் வந்தது, ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் காரில் திரும்பி வந்தார்கள். ஆனாலும் “ஊர்தெஸா?” என்று கேட்பவர்கள் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு மட்டும் போகவில்லை. ரமோன் கீலிங் என்ற டச்சு இயக்குநர் 2000-ல் அந்த மலைக்கே போய், மக்களிடம் புனுவலின் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொன்னதைத் தன் படத்தில் பதிவு செய்தார். ‘புனுவலின் கைதிகள்’ என்று அதற்குப் பெயர். கொதித்தவர்களும் உண்டு, அந்தக் காலத்துப் பசி நிஜம்தான் என்று ஒத்துக்கொண்டவர்களும் உண்டு. எழுபது வருடம் கழித்தாவது அவர்களிடம் யாரோ கேட்டார்களே!

புலியோடு விளையாடிய பையன்

நம் நாட்டிலும் இப்படிக் கேமரா வந்து போன ஒரு காடு உண்டு. இன்றைய சத்தீஸ்கரின் பஸ்தர். சுவீடனைச் சேர்ந்த அர்னே சுக்ஸ்டார்ஃப், ஆஸ்கர் வாங்கிய குறும்பட இயக்குநர். முரியா பழங்குடி மக்களிடையே தங்கி அவர் எடுத்த வண்ணப்படம் 1957-ல் வெளிவந்தது. ரவிசங்கர் இசை. கான் திரைப்பட விழா வரை போனது. படத்தில் எல்லோர் மனசையும் அள்ளியவன், புலிக்குட்டியோடு கட்டிப் புரளும் செந்துரு என்ற சிறுவன். அவனைச் சுவீடனுக்கே அழைத்துப் போனார்கள். அவனை வைத்து வந்த படப் புத்தகம் பல மொழிகளில் விற்றது. அப்புறம் பையன் நாராயண்பூர் பக்கத்துத் தன் கிராமத்துக்கே திரும்பினான். வளர்ந்தான், வறுமையில் வாழ்ந்தான், எப்போதாவது நிருபர்கள் தேடி வந்தால் பழைய கதை கேட்டுப் போவார்கள். 2013-ல் நோயில் விழுந்து முதியவராக இறந்துபோனார். அவரை ஊர்தெஸ்காரர்கள்போல யாரும் கேவலப்படுத்தவில்லை, கொண்டாடத்தான் செய்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தால் அவர் வீட்டு அடுப்பு எரியவில்லை.

போட்டோ இல்லாத ஊர்

மறுபடியும் அரூர் பக்கம். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் புகுந்தார்கள். அடி, உதை, சூறை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ‘கடத்தல்காரர்கள்’ என்ற ஒரு சொல் ஊர் முழுக்க ஒட்டப்பட்டிருந்ததால், அவர்கள் சொன்னதை நம்ப முதலில் ஆளில்லை. அன்று அவர்கள் கையில் போன் கேமரா எதுவும் கிடையாது. வாயால் சொன்ன சாட்சி மட்டும்தான். அதைச் சொல்லிச் சொல்லியே சி.பி.ஐ. விசாரணை வரை போனார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியாக 12 வருடம் கழித்து, 2023-ல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நேரில் போய் அந்த இடங்களைப் பார்த்துவிட்டு வந்துதான் நீதிபதி தீர்ப்பு எழுதினார்.

இப்போது மலையில் டவர் கிடைக்கும் இடத்துக்கு நடந்துபோயாவது வீடியோ அனுப்பிவிடுகிறார்கள். தூளியின் முன்கொம்பைத் தூக்குகிறவரின் அண்ணனோ மச்சானோதான் பின்னால் வந்து படம் எடுக்கிறார். படம் ஆடும். பாதியில் வெயில் அடித்து வெளுத்துப் போகும். எடுக்கிறவர் இடையில் போனைப் பையில் போட்டுவிட்டுத் தோள் மாற்றிக் கொடுப்பார். வர்ணனை கிடையாது, பிராம்ஸ் கிடையாது. “பாத்து, பாத்து, அங்க கல்லு இருக்கு” என்ற குரல் மட்டும் இருக்கும்.

வாத்தியாருக்கு என்ன ஆச்சு?

லாட்டரிப் பணம் கொடுத்த ரமோன் அசீனுக்குப் போட்ட காசு திரும்பவில்லை. 1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பிராங்கோ ஆட்கள் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஒளிந்திருந்தவர், மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்து சரணடைந்தார். ஆகஸ்ட் 6-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் 23-ல் மனைவி கோன்சித்தாவையும் கொன்றார்கள். இரண்டு பெண் குழந்தைகள் மிஞ்சினார்கள். 1960-களில் படத்திலிருந்து பணம் வந்தபோது புனுவல் அதை அந்தப் பெண்களுக்குக் கொடுத்தார். அசீன் செய்த காகிதக் குருவிச் சிற்பங்கள் உவெஸ்கா பூங்காவில் இன்றும் நிற்கின்றன. படம் எடுத்த கதையையே 2018-ல் சால்வதோர் சிமோ என்பவர் கார்ட்டூன் படமாக எடுத்திருக்கிறார். ‘ஆமைகளின் புதிர்ப்பாதையில் புனுவல்’ என்று பெயர். அதில் அசீன்தான் மனசில் நிற்கிறார்.

லாஸ் ஊர்தெஸில் இப்போது சுற்றுலாப் பயணிகள் கூட்டம். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். போகும்போது வாங்கிப் போவது அந்த ஊர்த் தேன்.

புனுவலின் படம் யூடியூபில் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், பெரியவர்கள் பார்க்கலாம். ஆடு பாறையிலிருந்து விழும் இடம் வந்ததும் ஒருமுறை நிறுத்தி, பின்னால் நகர்த்தி, திரையின் வலது ஓரத்தை மட்டும் பாருங்கள். ஆடு சாய்வதற்கு முன் அங்கே ஒரு கொத்துப் புகை எழும். துப்பாக்கிப் புகை. வெட்டி எறிய மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று விமர்சகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.